பீலியின் கதை: மிஃறாஜ் இரவைப் போல் வானத்தைப் பார்க்க வேண்டாம், உங்கள் வீட்டுக் கூரையோரத்தைப் பாருங்கள்



மாரி தொடங்கப் போகிறது. வாடைக்காற்று திரும்பியதும் நம் ஊரில் இரண்டு வேலை நடக்கும். ஒன்று, வடிகானை யார் துப்புரவு செய்வது என்ற சண்டை. மற்றது, டெங்கு வந்த வீடுகளுக்கு நோய் விசாரிக்கப் போவது. இந்த இரண்டுக்கும் நடுவில் நாம் எவரும் பேசாத ஒரு பொருள் இருக்கிறது. தலைக்கு மேலே இருப்பதால் அது கண்ணில் படுவதில்லை. அதுதான் கூரைப் பீலி.

வரலாறு படிப்பிக்கும் வாத்தியார் பீலியைப் பற்றி எழுதுவதா என்று சிலர் சிரிக்கலாம். அரசர்களுக்கும் போர்களுக்கும் மட்டுமல்ல, ஒரு வீட்டுத் தகரத் துண்டுக்கும் வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் இந்த மாரியில் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பதிவு நீளமானது. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

*1. சொல்லும் கல்லும்*

முதலில் சொல். தமிழில் பீலி என்றால் மயிற்பீலியும்தான், நீர் வழிந்தோடும் குழாயும்தான். மலையகத்தில் தண்ணீர் எடுக்கும் இடத்தைப் பீலிக்கரை என்பார்கள். சிங்களச் சகோதரர்கள் கூரைப் பீலியை 'வெஹி பீலி' என்கிறார்கள். வெஹி என்றால் மழை. யார் யாரிடமிருந்து சொல்லை எடுத்தார்கள் என்ற வழக்கு நமக்கு வேண்டாம். ஒரே மழையில் நனைகிறவர்கள் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்தத் தீவின் ஆகப் பழைய பீலி தகரத்தில் செய்ததல்ல, கல்லில் வெட்டியது. மிஹிந்தலைக்கோ நம் அம்பாறை மாவட்டத்து ராஜகலைக்கோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், குகைகளின் நெற்றியை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பாறையின் விளிம்பில் நீளமாக ஒரு வெட்டு இருக்கும். சிங்களத்தில் அதைக் கட்டாரம் என்பார்கள். பல இடங்களில் அந்த வெட்டுக்குக் கீழே பிராமி எழுத்தில் கல்வெட்டும் இருக்கும். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலிருந்து பௌத்த துறவிகளுக்காகத் தயார் செய்யப்பட்ட குகைகள் அவை.

அந்த வெட்டு எதற்கு? மழைநீர் பாறையில் ஒட்டிக்கொண்டே வழியும். விளிம்பில் விழாமல் அப்படியே உட்பக்கம் வளைந்து குகைக்குள் வந்துவிடும். பாறையை ஒரு விரற்கடை வெட்டிவிட்டால் ஒட்டிவரும் நீர் அந்த இடத்தில் அறுந்து வெளியே சொட்டிவிடும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்தக் கைவேலை இன்றைக்கும் வேலை செய்கிறது. காரணம் எளிது. அதில் தண்ணீர் தேங்க இடமில்லை. இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

*2. மீஸாப்*

அரபியில் கூரைப் பீலிக்கு மீஸாப் என்று பெயர். உம்றாவுக்கோ ஹஜ்ஜுக்கோ போய்வந்த எல்லோரும் உலகத்தில் ஆகப் பெயர்பெற்ற மீஸாபைக் கண்டிருப்பீர்கள். கஃபாவின் கூரையிலிருந்து ஹிஜ்ர் இஸ்மாயீல் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் பொன் பூசிய பீலி அது.

ஆதியில் கஃபாவுக்குக் கூரை இருக்கவில்லை, ஆகவே பீலியும் இருக்கவில்லை. ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கு 35 வயதான காலத்தில் குறைஷிகள் கஃபாவைத் திருப்பிக் கட்டினார்கள். கரையொதுங்கி உடைந்த ஒரு கப்பலின் மரத்தை வாங்கிக் கூரை போட்டார்கள். கூரை வந்ததும் அதில் விழும் மழைக்கு ஒரு வழி வேண்டும் அல்லவா? அப்போதுதான் மீஸாப் வந்தது. பின்னால் வந்த கலீபாக்களும் உஸ்மானிய சுல்தான்களும் அதைப் புதுப்பித்துப் பொன் பூசினார்கள். கழற்றிய பழையவற்றில் சில இஸ்தான்புல்லின் தொப்காப்பி அரண்மனையில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

மக்கா வரண்ட பூமி, அங்கே எதற்குப் பீலி என்று கேட்காதீர்கள். மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்கு அது. மழை குறைவு, ஆனால் பெய்தால் வெள்ளம். ஹிஜ்ரி 1039இல், அதாவது 1630இல் வந்த வெள்ளத்தில் கஃபாவின் சுவர்களே இடிந்தன. சுல்தான் நான்காம் முராதின் ஆட்சியில் அது மறுபடி கட்டப்பட்டது. 1941இல் வந்த வெள்ளத்தில் நீந்தித் தவாஃப் செய்தவர்களின் புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

மதீனாவில் இன்னொரு மீஸாப். அது நபியவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்களுடைய வீட்டுப் பீலி. முஸ்னத் அஹ்மதில் அந்தச் சம்பவம் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை உமர் ரலியல்லாஹு அன்ஹு நல்ல உடை உடுத்து ஜும்ஆவுக்குப் போகிறார்கள். அப்பாஸுடைய வீட்டில் இரண்டு கோழிக்குஞ்சுகளை அறுத்திருந்தார்கள். இரத்தம் கலந்த தண்ணீர் பீலி வழியாக வந்து உமருடைய உடையில் விழுகிறது. பாதையில் போகிறவர்களுக்குத் தொல்லை தரும் அந்தப் பீலியைக் கழற்றச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் உடை மாற்றி வந்து தொழுவிக்கிறார்கள். பிறகு அப்பாஸ் வந்து, அதை அந்த இடத்தில் வைத்தவர் அல்லாஹ்வின் தூதர் என்று சொல்கிறார்கள். அமீருல் முஃமினீன் என்ன செய்தார்கள் தெரியுமா? என் முதுகில் ஏறி நின்று அதை அதே இடத்தில் நீங்களே திரும்ப வையுங்கள் என்று சத்தியமிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். அப்பாஸும் அப்படியே செய்தார்கள்.

இந்தச் சம்பவத்தைப் பணிவுக்கு உதாரணமாகத்தான் பயான்களில் கேட்டிருப்போம். எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. பீலி வீட்டுக்காரனின் உடைமை. ஆனால் அதிலிருந்து விழுவது பாதையில் போகிறவன் தலையில். இந்த இரண்டு உரிமைக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

நம் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ, ஹிஜ்ரி 676இல் வஃபாத்தானவர்கள், தமது மின்ஹாஜில் அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பொதுப் பாதையின் பக்கம் பீலியை நீட்டுவது ஆகும். ஆனால் அதனால் ஏதும் அழிந்தால் வீட்டுக்காரன் பொறுப்பு. பீலியின் ஒரு பகுதி சுவருக்குள்ளும் ஒரு பகுதி வெளியிலும் இருந்து, வெளியே நீட்டிய பகுதி மட்டும் விழுந்து சேதம் செய்தால் முழு ஈடு. முழுப் பீலியும் விழுந்தால் பாதி ஈடு. ஏன் பாதி? சுவருக்குள் இருந்த பகுதி அவனுடைய சொந்த இடத்தில் இருந்தது, அதற்கு அவன் பொறுப்பில்லை. வெளியே நீட்டிய பகுதிக்குத்தான் பொறுப்பு. எவ்வளவு நுணுக்கம் பாருங்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பீலியை அளந்து, எந்தத் துண்டுக்கு நீ பதில் சொல்ல வேண்டும் என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

நான் முஃப்தி அல்ல, ஃபத்வா சொல்ல வரவில்லை. உன் பீலியால் பிறருக்கு வருவது உன் கணக்கில் எழுதப்படும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

*3. நம் ஊருக்குப் பீலி வந்த கதை*

நம் மூத்தவாப்பாமாரின் வீடுகளுக்குப் பீலி இருக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. கிடுகுக் கூரை செங்குத்தாகச் சரிந்து தாழ்வாரம் வரை இறங்கும். மழைநீர் ஓலை நுனியிலிருந்து மணலில் சொட்டும், மணல் குடித்துவிடும். வளவு பெரிது, அடுத்த வீடு தூரம். கிடுகை ஓரிரு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

பிறகு ஓடு வந்தது. வசதியானவர்களின் வீடுகளில் அரை வட்ட நாட்டோடு. அதன்பின் நாம் கள்ளிக்கோட்டை ஓடு என்று சொல்லும் தட்டை ஓடு. அந்த ஓட்டின் தொடக்கம் 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் பாதிரிமார் தொடங்கிய தொழிற்சாலை. அங்கிருந்தும் கள்ளிக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் கப்பலேறி இலங்கைக்கு வந்தது.

தகரத்தின் கதையும் கிட்டத்தட்ட அதே நூற்றாண்டுதான். இரும்புத் தகட்டை அலை அலையாக மடித்தால் பலம் கூடும் என்று கண்டு, 1829இல் லண்டனில் ஹென்றி பாமர் என்ற பொறியியலாளர் காப்புரிமை எடுத்தார். 1837இல் பிரான்சில் சோரெல் என்பவர் இரும்புக்கு நாகம் பூசும் முறைக்கு உரிமை எடுத்தார். இரண்டும் சேர்ந்ததுதான் உலகம் முழுக்கப் பரவிய கூரைத் தகரம். அதே தகட்டை மடித்தால் பீலி. தோட்டத்து லயங்களிலும் புகையிரத நிலையங்களிலும் பாடசாலைகளிலும் ஆங்கிலேயர் காலத்தில் ஏறிய பீலி அதுதான். இன்று அதன் இடத்தில் பி.வி.சி. பீலி.

நம் கிழக்குக் கரையில் இரண்டு விடயம் பீலியைத் தவிர்க்க முடியாததாக ஆக்கின.

ஒன்று, 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளி. வயது போனவர்களிடம் கேட்டால் இன்றைக்கும் குரல் நடுங்கச் சொல்வார்கள். கிடுகுக் கூரைகள் பறந்தன. கிடுகுக்கு ஓலை தந்த தென்னைகளும் தோட்டம் தோட்டமாகப் படுத்தன. அதற்குப் பிறகு வீடு கட்டியவர்கள் கல்வீட்டையும் ஓட்டையும் கூரைத்தகட்டையும்தான் நாடினார்கள்.

இரண்டாவது காரணம் நம் வழமை. மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்து வைக்கிறோம். மூன்று பெண்பிள்ளைகள் என்றால் வளவு மூன்றாகும். அந்தப் பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகள் பிறந்தால் மறுபடி பிரியும். கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம் நம் ஊர்கள். நிலம் நீளவில்லை, வீடு மட்டும் கூடியது. முன்பு வளவுக்குள் விழுந்த தாழ்வாரத் தண்ணீர் இப்போது பக்கத்து வீட்டுச் சுவரில் விழுகிறது. சாச்சியின் வீட்டுத் தண்ணீர் பெரியம்மாவின் குசினிக்குள் போகிறது. இந்தச் சண்டையைத் தீர்க்க வந்ததுதான் நம் ஊர்ப் பீலி. எல்லைச் சண்டையைத் தவிர்க்க வைத்த சமாதானக் கம்பி என்றே அதைச் சொல்லலாம்.

அதற்குள் பீலிக்கு இன்னொரு நல்ல வேலையும் வந்தது. 1995இல் உலக வங்கி உதவியுடன் பதுளை, மாத்தறை மாவட்டக் கிராமங்களில் வீட்டுக்கூரை மழைநீரைத் தொட்டியில் சேர்க்கும் திட்டம் தொடங்கியது. 2005இல் மழைநீர் சேகரிப்புக்கென்று தேசியக் கொள்கையே வந்தது. சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உவர்த்துப் போனபோது மழைத் தண்ணீரின் அருமை நமக்கும் தெரிந்தது. 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லீற்றர் தண்ணீர். வீட்டுக்கு மேல் வைக்கும் கறுப்புத் தாங்கி ஒன்று கிட்டத்தட்ட நிறைந்துவிடும். பீலி இல்லாமல் அதைப் பிடிக்க முடியாது.

ஆகவே, "டெங்கு வருகிறது, பீலியைக் கழற்றி எறி" என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் இது. நிலம் தாராளமாக இருந்தால் கழற்றுங்கள், அது நல்லதே. பக்கத்து வீட்டுச் சுவர் மூன்று அடியில் இருக்கிற நம்மில் பலருக்கு அந்த வசதி இல்லை.

*4. நுளம்பு பீலியைக் கண்டுபிடித்தது*

1881இல் கியூபாவின் ஹவானாவில் கார்லோஸ் ஃபின்லே என்ற வைத்தியர் மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது ஒரு நுளம்பு என்று சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஏறக்குறைய இருபது வருடம் கழித்து 1900இல் வால்ட்டர் ரீட் தலைமையில் நடந்த ஆய்வு அவர் சொன்னதே சரி என்று நிரூபித்தது. அந்த நுளம்புதான் ஈடிஸ் எஜிப்தை. இன்று நமக்கு டெங்குவைக் கொண்டுவருவதும் அதே ஈடிஸ்தான்.

1901இல் ஹவானாவில் வில்லியம் கோர்கஸ் என்ற இராணுவ வைத்தியர் வீடு வீடாக ஆட்களை அனுப்பினார். மழைநீர் பிடித்து வைக்கும் பீப்பாவும் தொட்டியும் எல்லாம் மூடப்பட வேண்டும், முடியாதவற்றில் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு. அந்த ஆண்டு முடிவதற்குள் தலைமுறை தலைமுறையாக அந்த நகரத்தைப் பிடித்திருந்த நோய் அடங்கியது. 1905இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோதும் இதே வழிதான். அந்த ஊர் மக்கள் கூரைத் தண்ணீரைப் பீலி வழியாகப் பெரிய மரத்தொட்டிகளில் சேர்த்துக் குடித்தவர்கள். தொட்டிகளுக்கு வலை போட்டு மூடினார்கள். அந்த நாட்டில் மஞ்சள் காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியது அதுவே கடைசித் தடவை.

அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கேயும் வீட்டுக்கு வீடு தகரக் கூரை, பீலி, மழைநீர்த் தாங்கி. அங்கேயும் டெங்கு. வலை இல்லாத தாங்கிகளைப் பரிசோதகர்கள் தேடித் தேடிக் கழற்றினார்கள். 1950களின் பிற்பகுதிக்குள் பிரிஸ்பேன் நகரத்தில் ஈடிஸ் எஜிப்தை இல்லாமல் போனது. தாங்கியின் வாய்களுக்குப் போடும் வலையின் கண் 1 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். அதே மாநிலத்தின் வடக்கே கேர்ன்ஸ் நகரில் ஆய்வாளர்கள் ஏணி வைத்து ஏறிப் பார்த்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிலத்தில் கிடக்கும் டயரையும் சிரட்டையையும் மட்டுமே தேடிக்கொண்டிருக்கிறோம், கூரைப் பீலிகளும் இந்த நுளம்பின் முக்கியமான இடம் என்பது அதன் சாரம்.

நம் நாட்டில் 1960களில் டெங்கு உறுதி செய்யப்பட்டது. 1989இல் இரத்தக்கசிவு டெங்கு கொள்ளைநோயாக வந்தது. 2007இல் நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்க 11ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வளவில் நுளம்பு பெருக விடுவது அதன்படி குற்றம், தண்டப்பணமும் உண்டு. அப்படியிருந்தும் 2017இல் ஒரே ஆண்டில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். நானூறுக்கும் மேற்பட்ட ஜனாஸாக்கள். அதில் பிள்ளைகள் எத்தனை, பிள்ளைத்தாய்ச்சிகள் எத்தனை. அந்த வருடம் வகுப்பறைகளில் காலியாக இருந்த கதிரைகளை எந்த ஆசிரியராலும் மறக்க முடியாது.

பீலி எப்படி நுளம்புப் பண்ணை ஆகிறது? மாமரத்து இலையோ வேப்பம் பூவோ வந்து விழும். காகம் கூடு கட்டக் கொண்டுவரும் குச்சியும் கம்பியும் விழும். பிள்ளைகளின் பந்தும் பட்டமும் விழும். கீழே இறங்கும் குழாயின் வாய் அடைபடும். ஒரு மழைக்குப் பிறகு இலைச் சேற்றுக்குப் பின்னால் ஒரு கோப்பைத் தண்ணீர் நிற்கும். இலை ஊறிய தண்ணீரின் வாசம் முட்டையிட வரும் நுளம்புக்குப் பிடித்தமானது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது, பல மாதம் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். அதனால்தான் மாரியின் முதல் மழை பெய்து ஒன்றிரண்டு கிழமைக்குள் நுளம்பு கிளம்புகிறது. முட்டை நுளம்பாக ஏழிலிருந்து பத்து நாள் போதும்.

இன்னொன்று. இந்த நுளம்பு தூரம் பறப்பதில்லை, பெரும்பாலும் நூறு இருநூறு மீற்றருக்குள்தான். உங்கள் பீலியில் பிறந்த நுளம்பு காத்தான்குடியிலிருந்து கல்முனைக்குப் போவதில்லை. உங்கள் பிள்ளையையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும்தான் கடிக்கும். இப்போது மின்ஹாஜின் சட்டத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள்.

*5. வலை: எது செய்யும், எது செய்யாது*

கடைகளில் இப்போது பீலிக்குப் போடும் வலை கிடைக்கிறது. வாங்கிப் போட்டால் பிரச்சினை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. விடயத்தைப் பிரித்துச் சொல்கிறேன்.

பீலிக்கு மேல் போடும் வலை இலைக்கும் கூட்டுக்கும் பந்துக்கும் தடை. அதன் கண் ஐந்தாறு மில்லிமீற்றர் இருக்கும், நுளம்பு தாராளமாகப் போய்வரும். நுளம்பைத் தடுக்க 1 மில்லிமீற்றர் கண் வேண்டும். ஆனால் அவ்வளவு நெருக்கமான வலையைப் பீலிக்கு மேல் போட்டால் தூசியும் பாசியும் அடைத்து, அடைமழைக்குத் தண்ணீர் வலைக்கு மேலால் வழிந்து சுவரில் இறங்கும். ஆகவே கணக்கு இப்படி. பீலிக்கு மேலே பெரிய கண் வலை, இலைக்காக. மழைநீர்த் தாங்கியின் வாய்க்கும் நிரம்பி வழியும் குழாய்க்கும் சிறிய கண் வலை, நுளம்புக்காக. இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்.

அப்படியானால் பெரிய கண் வலை நுளம்பை எப்படித் தடுக்கிறது? நேரடியாகத் தடுப்பதில்லை. இலை விழாவிட்டால் குழாய் அடைபடாது. குழாய் அடைபடாவிட்டால் தண்ணீர் நிற்காது. தண்ணீர் நிற்காவிட்டால் முட்டைக்கு இடமில்லை. அந்தச் சங்கிலியின் முதல் வளையம்தான் வலை.

அதனால் வலைக்கு முன் சரிவு. பத்து அடிக்குக் கால் அங்குலமாவது பீலி குழாய்ப் பக்கம் சரிந்திருக்க வேண்டும். தாங்குகம்பி தளர்ந்து நடுவில் தொய்ந்த பீலிக்கு எத்தனை வலை போட்டும் பயனில்லை. பார்ப்பது எளிது. உயர்ந்த முனையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து எங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கேதான் வேலை.

வலையைத் தொய்வாகப் போடாதீர்கள். கூரையின் சரிவோடு சேர்த்து இழுத்துக் கட்டினால் இலை சறுக்கிக் கீழே விழும், காற்றும் கொண்டு போகும். தொய்வாக இருந்தால் வலையே ஒரு குப்பைத் தொட்டில். வெயிலுக்கு உக்கும் மலிவான பிளாஸ்டிக் வலை சில வருடத்தில் நொறுங்கி, அந்தத் துண்டுகளே குழாயை அடைக்கும். கடற்காற்றுக்குச் சாதாரணக் கோழிக்கூட்டுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். தகரப் பீலியில் செப்பு வலை போடவே வேண்டாம், உப்புக் காற்றில் செம்பு நாகப் பூச்சைத் தின்றுவிடும். பி.வி.சி. பீலிக்கு நல்ல துருப்பிடிக்காத உருக்கு வலை பொருந்தும். அதற்கு வசதியில்லையென்றால், குழாயின் வாயில் மட்டுமாவது ஒரு கம்பிக் கூண்டு வையுங்கள். வலையே போடாத பீலியை விட அது எவ்வளவோ மேல்.

முருங்கை, புளி, வேம்பு நிற்கும் வீட்டார் கவனியுங்கள். அந்தச் சிற்றிலைகள் வலைக்குள்ளால் இறங்கும். உங்களுக்கு வலை போதாது, மாரியில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். கூரைக்கு மேல் சாயும் கொப்புகளை இப்போதே வெட்டிவிடுங்கள்.

ஆகப் பெரிய ஆபத்து புது மாடி வீடுகளில் முகப்புச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கொங்கிறீட் பீலி. வெளியிலிருந்து வீடு அழகு. உள்ளே என்ன நிற்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. பி.எச்.ஐ. வந்தாலும் கண்ணில் படாது. அங்கே ஏறிப் பார்க்க ஒரு வழி இல்லாவிட்டால் மேசனைக் கூப்பிட்டு வழி செய்யுங்கள். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் அந்த மாதிரிப் பீலியே வேண்டாம் என்று ஓடாவியிடமும் மேசனிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஈரக் கூரையில் ஏறாதீர்கள். பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டில் மிதித்தால் உடையும், அதைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் துப்புரவு செய்தால் கிளம்பும் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஏணியை ஒருவர் பிடிக்க, ஒருவர் ஏற வேண்டும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் கையை வைக்காதீர்கள்.

*6. ஏணி இல்லாத வீடுகள்*

இவ்வளவும் ஏணியும் ஆண்பிள்ளையும் உள்ள வீடுகளுக்கு. நம் ஒவ்வொரு ஒழுங்கையிலும் கணவரை இழந்த ஒருவர், தனியே இருக்கும் ஒரு மூத்தம்மா, பிள்ளைகள் எல்லாம் மத்திய கிழக்கில் இருக்கும் ஒரு வாப்பா உண்டு. அவர்களுடைய பீலியை யார் பார்ப்பது? அவர்களிடம் போய் "உங்கள் பீலியில் குடம்பி இருக்கிறது" என்று குற்றம் சொல்லப் போகிறோமா, அல்லது ஏணியோடு போகப் போகிறோமா?

என் ஆலோசனை எளியது. மாரிக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பிறகு ஒழுங்கைக்கு ஒரு ஏணி, இரண்டு வாலிபர், ஒரு வாளி. முதலில் பள்ளிவாசல் கூரை. அடுத்தது பாடசாலைக் கூரை, ஏனென்றால் இந்த நுளம்பு கடிப்பது பகலில், நம் பிள்ளைகள் பகலில் இருப்பது அங்கே. அதன் பிறகு ஏணி இல்லாத வீடுகள். வலை வாங்க வசதியில்லாதவர்களுக்கு அந்தந்த ஒழுங்கைக்காரர் சேர்ந்து வாங்கிக் கொடுங்கள். பெயர் எழுதிப் படம் பிடித்துப் போட வேண்டாம்.

ராஜகலையின் கல்வெட்டுக்கு மேலே அந்த வெட்டை வெட்டியவரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் செய்தது ஒன்றுதான்: தண்ணீர் நிற்க இடம் வைக்கவில்லை. வலை, சரிவு, குழாய் என்று நாம் பேசுவதெல்லாம் அந்த ஒரு வேலைக்குத்தான்.

உங்கள் ஒழுங்கையில் யார் ஏணி கொண்டுவருவார்கள் என்று கீழே எழுதுங்கள். என்னுடையது பதினாறு அடி ஏணி. எந்த ஒழுங்கைக்கும் வரும், நானும் கூட வருவேன்.

வல்ல நாயன் இந்த மாரியை றஹ்மத்தான மழையாக ஆக்குவானாக. நம் பிள்ளைகளைக் காப்பானாக. ஆமீன்.